துடியலூருக்கு இறங்கிய மலைவாழை

மேட்டுப்பாளையத்துக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மலைவாழை அவசரமே படாது. குளிர், மஞ்சு, கல்லு மண். தாய் மரத்தடியில் ஒரு கன்று வரும், மிஞ்சினால் இரண்டு. தார் மட்டும் கனமாக இறங்கும். அதே கிழங்கில் ஒன்றைக் கொண்டுவந்து, துடியலூரில் மகன் வீட்டுக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் வைத்தேன். இங்கே வெயிலுக்கும் ஈரத்துக்கும் கன்றுகள் முட்டி மோதிக் கிளம்பின. தார்தான் நோஞ்சான்.

மலைத்தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். இந்த வருஷம் அங்கே முடிக்கொத்து நோய் விழுந்தது. உச்சி இலைகள் குறுகிக் கொத்தாக நின்று, ஒரு மரம் மிஞ்சவில்லை. அப்பன் வைத்த வாழையில் மீதி என் புதர் ஒன்றுதான். அதையும் தோண்டிக் கார் ஷெட் போட மகன் ஜேசிபி சொல்லியிருந்தான். கன்றெடுக்கத் தம்பி பஸ் ஏறியிருந்தான். ஜேசிபி முந்திக்கொண்டது.

"ஏனுங்க பெரியவரே, தள்ளி நில்லுங்க. வாழைக்கு ஜாமீன் எடுக்கறீங்களா?" என்றான் டிரைவர்.

"என்ற தம்பி வந்துட்டிருக்கான் கண்ணு. ஒரு டீ குடிச்சுபோட்டு வா."

"மூணு டீ குடிச்சாச்சுங்க!"

அவன் இன்ஜினை அணைக்கவே இல்லை. தம்பி வந்தவன் தண்ணீர்கூடக் கேட்காமல் நேரே புதருக்குப் போனான். ஒவ்வொரு இலையாக வெயிலுக்கு நேரே பிடித்து, நடு நரம்பில் விரலை ஓட்டினான். ஒரு கன்றில் விரல் நின்றுவிட்டது. கரும்பச்சையில் விட்டுவிட்டுக் கோடு. மலையிலும் இப்படித்தான் ஆரம்பித்ததாம்.

"ஓரத்துல நிக்கறது நல்லாத்தானே இருக்குது, அதை எடு," என்றேன்.

"கிழங்கு ஒண்ணுதானுங்கண்ணா. ஒண்ணுல வந்தா எல்லாத்துலயும் இருக்கும்."

"பொழைச்சாலும் பொழைக்குமப்பா. இதையும் உட்டா நமக்கு ஏது?"

"மலையில பக்கத்துத் தோட்டத்துக்காரரு இப்பத்தான் புதுசா வாழை நட்டிருக்காருங்க. நான் எப்படிங்கண்ணா இதைக் கொண்டுட்டுப் போறது?"

தம்பி ஓரத்துக் கன்றை ஒருதரம் பிடித்துப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டு டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தான். டிரைவர் புதரைக் கிழங்கோடு தோண்டிக் குழியில் தள்ளினான்.

கிளம்பும்போது மருமகள் தயிர்சோறு கட்டிக் கொடுத்தாள். காலையில் அந்தப் புதரில் அறுத்த இலை. தம்பி வாசலிலேயே பொட்டலத்தைப் பிரித்தான்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி, ஒரு டப்பா குடுங்க. இலையில நோயைப் பரப்பற அசுவினிப் பூச்சி ஒட்டியிருந்தா மலைக்கு வந்துரும்."

சோற்றை டப்பாவில் கொட்டி, இலையைக் குழியில் போட்டான். துண்டை உதறினான், சட்டையையும் கழற்றி உதறினான். கன்று கட்டக் கொண்டுவந்த ஈரச்சாக்கையும் குழியில் எறிந்துவிட்டு, டப்பாவோடு பஸ்ஸுக்கு நடந்தான்.