இலுப்பூர் காற்று திருந்திய கதை

காற்று மாசை அளக்க, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக, இலுப்பூர் கடைத்தெரு முனையில் ஒரு சென்சார் டப்பாவை மாட்டியிருக்கிறேன். மலிவுச் சரக்குதான். ஆனால் அதில் ஒரு சின்ன லைட் மின்னிக்கொண்டே இருக்கும்.

தினமும் குப்பை கொளுத்துகிற முனை அது. ஒரு வாரமாக என்னவோ கொடைக்கானல் காற்று மாதிரி சுத்தமான அளவு காட்டுகிறது. டப்பா கெட்டுவிட்டது என்று நினைத்து, இன்று கழற்றப் போனேன்.

எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் பதறி ஓடி வந்தார்.

"அதக் கழட்டிறாதீங்கம்மா. அந்தக் கேமரா வந்ததுலேர்ந்துதான் இங்க எவனும் குப்பையக் கொளுத்துறதில்ல."

"இது கேமரா இல்லண்ணே. காத்துல எவ்வளவு புகை இருக்குன்னு பாக்குற மிஷின்."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத வேற யார்ட்டயும் சொல்லிறாதீங்க."

ஊரே திருந்திவிட்டதே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "அப்ப குப்பைய என்னண்ணே பண்றாங்க?"

"அங்கிட்டுக் கொண்டுபோயிக் கொளுத்துறாங்க. லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பின்னாடி."

நான் தங்கியிருப்பதே அந்த ஹாஸ்டலில்தான். ஒரு வாரமாக நான் இருமுவதற்கு டாக்டர் ஐஸ்கிரீமைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆக, என் ஆராய்ச்சி முடிவு தயார். காற்றைச் சுத்தமாக்க சென்சாரே வேண்டியதில்லை, மின்னுகிற லைட் போதும்.

ஹாஸ்டல் பின்சுவரில் லைட் வைத்து மாட்ட ஒரு காலி டிபன் பாக்ஸ் வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வீடு அதற்கு அடுத்த தெரு என்றால், உங்களுக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.