டாக்டர் காருக்குப் பச்சையா, பழுப்பா?

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டில், அட்டன் டவுனில் ஒரு கராஜில் பெயிண்டராக இருந்தேன். பஸ்ஸும் லொறியும்தான் எங்களிடம் அதிகம் வரும். ஒருநாள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஒரு பழைய காரைப் புகை கக்கக் கக்க ஓட்டிக்கொண்டு வந்தார். சீமைக்குத் திரும்பிப் போன அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடம் வாங்கியது. எஞ்சினை டாக்டரே கழற்றிப் பூட்டியிருந்தார். பெயிண்ட் மட்டும் என் பொறுப்பு.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி நடக்கும். கார் புதிதாக வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் புள்ளியைக் குறைப்பார்கள். அதில் இந்தக் காரை விட வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை.

கார் அப்போது பச்சை. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அடித் தகட்டில் ஓர் ஓரமாகச் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே பழுப்பு வந்தது. பால் விடாத தேத்தண்ணியின் நிறம். பச்சை பிறகு யாரோ அடித்தது.

டாக்டருக்கு முகம் வாடிவிட்டது.

"பச்சையே இருக்கட்டும் தம்பி."

"புள்ளி போயிருமேங்க ஐயா."

"போகட்டும். கல்யாணம் முடிச்சு நாங்க ஸ்டேஷன்ல எறங்கினப்ப தொரை இந்தக் காரைத்தான் அனுப்பினாரு. எங்க வீட்டம்மா மொதமொதல்ல தோட்டத்துக்கு வந்தது இந்தப் பச்சைக் கார்லதான். அவங்களுக்காகத்தான் இதை வாங்கினேன்."

சரி, பச்சையே அடிப்போம் என்று வைத்துக்கொண்டேன். அப்போது வெளிநாட்டுப் பெயிண்ட் லேசில் கிடைக்காது. காரில் இருந்த பச்சையோ வெளுத்துப் போயிருந்தது; கொழும்புக்குச் சொல்லி அனுப்பும்முன் எந்தப் பச்சை என்று தெரிய வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வந்த டாக்டரும் அவர் மனைவியும் கராஜுக்குள் வந்தார்கள். அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"அம்மா, நீங்க வந்தப்போ கார் கரும்பச்சையா இருந்திச்சா, இல்ல இப்ப மாதிரியா?"

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்? ரயில்லயே தலை சுத்தல். காருல ஏறினா ஒரே வளைவு. கண்ணை மூடினவ பங்களா வாசல்லதான் தொறந்தேன். நடுவுல ரெண்டு தடவை வாந்தி வேற. நெறத்தை எங்க பாத்தேன்?"

டாக்டர் அவரையே பார்த்தார். "இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீங்க அதைச் சொல்லும்போதெல்லாம் சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். தேய்த்த இடத்தைக் காட்டினேன். அந்த அம்மா குனிந்து பார்த்து, "இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார். அதோடு பழுப்பு என்று முடிவானது.

அடுத்து எந்தப் பெயிண்ட் என்ற கேள்வி. எனாமல் அடித்தால் குளிரிலும் கைகொடுக்கும் என்றேன். அந்தக் காலத்துக் காருக்குச் செல்லுலோஸ்தான் சரி என்றார் டாக்டர். அது உண்மைதான். ஆனால் செல்லுலோஸுக்கு ஈரக்காற்று ஆகாது. மிஸ்ட் மூடிய ஒரு நாளில் பரிசோதனைக்கு ஒரு கதவுக்கு மட்டும் அடித்தேன். காய்வதற்குள் முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் எப்போதும் சூடான காற்று வரும். அங்கேயே திரும்பவும் அடித்துக் காயவைக்கலாம் என்று கதவையும் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்டோரில் தேயிலைக்குப் பொறுப்பான டீமேக்கர், டாக்டரின் சிநேகிதர். படியிலேயே மறித்துக்கொண்டார்.

"என்ன டாக்டர், வெளையாடுறீங்களா? இந்த வாடை கொழுந்துல ஏறிச்சுன்னா ஏலத்துல எவன் வாங்குவான்? எடுத்துட்டுப் போங்க!"

தைப்பொங்கல் கழியும்வரை காத்திருந்தோம். வானம் வெளித்ததும், நல்ல வெயில் நேரம் பார்த்து மட்டும் அடித்தேன். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தேய்த்து, மறுபடி அடித்து, கடைசியில் முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்டேன். அதுவரை நான் செய்த வேலையில் அதுதான் நல்ல வேலை என்று எனக்குத் தோன்றியது.

போட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நடுவராக வந்த வெள்ளைக்காரர் முழங்காலிட்டுச் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பழைய பழுப்பில் கொஞ்சம் தொடாமல் விட்டிருந்தோம். அதையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நிறத்துக்கு முழுப் புள்ளி. அப்புறம் பொனட் பக்கம் போய், டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்னங்க ஐயா சொல்றாரு?"

"புதுக் காரே அந்தக் காலத்துல இவ்வளவு மினுங்காதாம். அதுக்குக் கொஞ்சம் குறைச்சிட்டாராம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா செஞ்சா புள்ளியைக் குறைப்பாங்களா?"

"இங்க அப்படித்தான் தம்பி," என்று டாக்டர் என் தோளில் கை வைத்தார்.

மூன்றாம் இடம் கிடைத்தது. பரிசாக ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். டாக்டர் அதை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அந்த அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீனி போட்டு வைக்க அளவாக இருக்கும் என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.