பின்பக்கமாகப் போன ஜீப்

போன வாரம் டோல்கேட் சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. ராணுவப் பச்சை, இடுப்புயர டயர், நெற்றியில் நாலு விளக்கு. நான் பார்ப்பதைப் பார்த்த கறுப்புக் கண்ணாடிக்காரர், கேட்காமலே, "பெரிய இன்ஜின் மாத்திப் போட்டிருக்கேன் சார், மலையே ஏறும்" என்றார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மலைக்கு எங்கே போவார்? கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்வதற்கா இத்தனை பெரிய இன்ஜின் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன்.

பச்சை விழுந்ததும் மூஞ்சியில் புகையை அடித்துவிட்டுப் போனார். அந்த டீசல் நாற்றத்தோடு பழைய காலடிப்பேட்டை பட்டறையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் நான் அங்கே லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் குணா, வியாசர்பாடிக்காரன். எந்த வண்டியையும் நல்ல வண்டி என்று சொல்லமாட்டான். ஆனால் "குணா கை வெச்ச வண்டி" என்றால் ராயபுரம் வரை மறுபேச்சு கிடையாது. அந்தப் பேரைத் தவிர அவனுக்கு வேறு சொத்து இல்லை.

எங்களுக்கு வாய்த்த மகான், மளிகை மொத்த வியாபாரி அண்ணாச்சி. தெற்கத்திக்காரர். ஏலத்தில் ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்திருந்தார். தெருமுனையில் மாதா சிலை இருக்கும் சின்னக் குகைக் கோயிலான கெபியின் திருவிழாவில் சப்பரத்தை அந்த ஜீப்தான் இழுக்கும். அது அவர் வாங்கி வைத்திருந்த மரியாதை. ஒரு வருஷம் கல்மண்டபம் திருப்பத்தில் ஜீப் மூச்சு முட்டி நின்றுபோக, எதிர்க்கடைக்காரரின் டிராக்டர் வந்து சப்பரத்தை இழுத்துப் போனது. மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சிக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பெரிய இன்ஜின் போடு என்று வந்து நின்றார்.

காசிமேட்டில் ஒரு ரெட்டை இன்ஜின் படகைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். குணாவையும் என்னையும் அண்ணாச்சி அங்கே கூட்டிப் போனார். அந்த மாதிரிப் படகில் ஒரு இன்ஜின் வலப்பக்கம் சுற்றும், இன்னொன்று இடப்பக்கம் சுற்றும். அப்போதுதான் படகு ஒரு பக்கமாக இழுக்காது. அண்ணாச்சி நேராகப் போய், புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்ததைத் தட்டிக் கொடுத்தார், மாடு வாங்குகிறவர் மாதிரி.

"அது வோணாம் அண்ணாச்சி. எதிர்ப்பக்கம் சுத்துற இன்ஜினு. ஜீப்புல போட்டா வண்டி பின்னாடி பூடும். துருப் புடிச்சி கீதே, அத்த எட்த்துக்க" என்றான் குணா.

"மாதா சப்பரத்துக்குத் துருப்பிடிச்சதையா போடச் சொல்லுத? இன்ஜின்னா சுத்தத்தான செய்யும். எந்தப் பக்கம் சுத்துனா என்ன?" என்று என் பக்கம் திரும்பினார். "நீரு சொல்லும்வே."

இன்ஜின் மேலேயே சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தது. பார்த்தேன்; குணா சொன்னதுதான் சரி. ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு மாவு மில்லும் உண்டு, அதன் கடைசல் வேலையெல்லாம் என் லேத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"இன்னா மாமு, நீயுமா?" என்றான் குணா.

பட்டறை முதலாளி வற்புறுத்தியதால் வேண்டாவெறுப்பாகத்தான் மாட்டினான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் தட்டை நான் கடைந்து கொடுத்தேன். குறை சொல்ல முடியாத வேலை. திருவிழாவுக்கு முந்தின நாள், கெபி முன்னால் தெருவே கூடி நிற்க, அண்ணாச்சி ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். ஜீப் கம்பீரமாகப் பின்னால் போய் சர்பத் கடைக்குள் நுழைந்தது. ரிவர்ஸ் கியரைப் போட்டால் முன்னால் வந்தது. ஆனால் பத்தடிக்கு ஒரு தரம் கியர் நழுவியது. சப்பரம் கட்டி இழுக்க அது ஆகாது. தெரு சிரித்தது.

"இன்ஜினத் திருப்பிப் போட்டுட்டான் இந்தப் பய!" என்று அண்ணாச்சி கத்தினார். இன்ஜின் என்ன சட்டையா, திருப்பிப் போடுவதற்கு? ஆனால் கூட்டம் நம்பியது.

குணா என்னைப் பார்த்தான். "நீ சொல்லு மாமு. அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?"

நான் எதையோ தேடுகிறவன்போல ஜீப்புக்கு அடியில் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஸ்பானர் பையோடு அவன் தெருமுனையைத் தாண்டியிருந்தான். அன்றைக்கு என்னைவிடக் கேவலமான பிறவி அந்தத் தெருவில் இல்லை, அண்ணாச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் முன்பக்கக் கொக்கியில் கயிற்றைக் கட்டினார்கள். முதல் கியரில் ஜீப் பின்பக்கமாக நகர, சப்பரம் அதன் மூஞ்சியைப் பார்த்தபடி தொடர்ந்தது. அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "மாதாவுக்கு முதுகு காட்டலாமா? அதான் மொகத்தப் பாத்துக்கிட்டே போறோம்!" பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெட்கம் கெட்டு நானும் கை கூப்பினேன்.

அதற்குப் பிறகு குணாவிடம் யாரும் வண்டி கொடுக்கவில்லை. இன்ஜினைத் திருப்பிப் போட்டவன் என்று பேர் ஆகிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கேட் திறந்து மூடும் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அண்ணாச்சி இல்லை. ஜீப்பை எடைக்குப் போட்டாயிற்று. பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. "குணா கை வெச்ச வண்டி" என்று சொல்லவோ, சொன்னால் புரிந்துகொள்ளவோ ஆள் கிடையாது. சப்பரம் மட்டும் இன்றைக்கும் பின்பக்கமாகப் போகும் வண்டியில்தான் போகிறது. புது வேனுக்கும் அதே சட்டம். போன திருவிழாவுக்கு வந்திருந்த வெளியூர் மருமகன் கேட்டார்: "ஏன் மாமா, வண்டி பின்னாடியே போகுது?"

குணாவின் பேர் தொண்டை வரை வந்தது.

"பக்தி, மாப்ளே" என்றேன்.