மினுக்கிய ரவைக்கோது

ஒஸ்லோவில் நான் கூட்டித் துடைக்கும் இடங்களில் ஒன்று நிலத்தடியில் உள்ள துப்பாக்கி சுடும் மண்டபம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்த நாட்டு மொழியான நொர்ஸ்கில் வேலைக்குத் தேவையானதைத் தவிர கதைப்பதில்லை. குண்டு பாய்ந்தபின் தரையில் தெறித்துக் கிடக்கும் வெற்றுப் பித்தளை ரவைக்கோதுகளைக் கூட்டி வாளியில் போட்டுவிட்டு என் பாட்டில் போய்விடுவேன்.

வியாழக்கிழமைகளில் என் வயதுப் பெண் ஒருவர் அந்த வாளியோடு உட்காருவார். வேட்டைக்குப் போகிறவர். வெற்றுக் கோதில் புதிதாக வெடிமருந்து அடைத்துத் திரும்பப் பாவிப்பார். கோதின் அடியில் செய்த இடத்தின் எழுத்து இருக்கும். எழுத்தே இல்லாதவையும் சில வரும். ஒவ்வொரு இடத்துக் கோதும் ஒவ்வொரு தடிப்பு. எங்கே செய்ததென்று தெரியாமல் மருந்து அடைத்தால் துப்பாக்கியே வெடித்துவிடலாம். அதனால் டோர்ச் அடித்து உள்ளே பார்ப்பார், நிறுப்பார், கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நிறம் பார்ப்பார். பிறகு ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிப் பெட்டியில் போடுவார். மூன்று மாதம் தும்புத்தடியோடு நின்று அதைப் பார்த்தேன்.

எழுத்தில்லாத கோது ஒன்று இங்கே குரோருட்டில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டிலும் இருந்தது, தம்பியின் படத்துக்கு முன்னால். ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவனை ஒழுங்கையில் சுட்டுப் போட்டிருந்த காலையில், அவன் கால்மாட்டில் அம்மா பொறுக்கியது. ஆமிதான் சுட்டது என்று இயக்கப் பெடியள் வந்து சொன்னார்கள். பெடியள்தான் சுட்டது என்று அயலார் அம்மாவின் காதுக்குள் சொன்னார்கள். எண்பது வயது தாண்டியும் அம்மா கேட்பது அந்த ஒன்றைத்தான். ஆர் என்று தெரியாமல் கண்ணை மூடமாட்டேன் என்பா. ஆமிக்கு ஒரு நாட்டிலிருந்தும் பெடியளுக்கு வேறு நாட்டிலிருந்தும் ரவை வந்தது; கோது எந்த நாட்டுடையது என்று தெரிந்தால் ஆரென்று தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணைப் பற்றி அம்மாவிடம் சொன்னேனே தவிர, அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் துரத்தினா.

"பொம்பிளைதானே. உன்னைக் கடிக்கவே போறா?"

அந்த வியாழக்கிழமை கோதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனேன். இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டார். உள்ளே இரண்டு துளை, இராணுவச் சாமான்தான், ஆனால் பல நாடுகள் இப்படிச் செய்தன என்றார். பிறகு அதை விரலுக்குள் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். கழுத்தில் சூடு காட்டிய நிறம் நிற்கும், அடியில் செய்த நாட்டைப் பொறுத்துச் சிவப்போ பச்சையோ மெல்லிய வளையம் இருக்கும், துப்பாக்கி இழுத்து எறிந்த கீறல் இருக்கும். எழுத்தில்லாததை அவற்றை வைத்துத்தான் சொல்லலாமாம். இதில் ஒன்றுமே இல்லை.

"யார் இதை இப்படித் தேய்த்தது?"

நான்தான். சாமித்தட்டில் பித்தளை கறுத்துக் கிடக்கக்கூடாது. முப்பது வருடமாக வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கோடு சேர்த்துப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிவந்தேன். பிறத்தியாருக்குக் காட்டப்போகிறோமே என்று அன்று காலையிலும் மினுக்கினேன். இதையெல்லாம் நொர்ஸ்கில் சொல்ல எனக்குத் தெரியாது. "நான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோதைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றித் தந்து, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆரம்பத்தில் அடியில் அந்த வளையம் இருந்தது. ஊத்தை என்று நினைத்து நகத்தால் சுரண்டியவன் நான். சுரண்டியது நினைவிருக்கிறது, நகத்துக்குள் ஏறியது நினைவிருக்கிறது. நிறம்தான் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பென்றால் சிவப்பாகத் தெரிந்தது, பச்சையென்றால் பச்சையாக. இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

அம்மா கதவடியில் நின்றா. அந்தப் பொம்பிளைக்குச் சொல்ல முடியவில்லையாம் என்றேன். ஏன் என்பதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அம்மா கோதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தா.

"நீ வடிவா மினுக்கேல்லைப் போல. அடுத்த கிழமை நல்லாத் தேய்ச்சுக் கொண்டுபோய்க் காட்டு."

ஓம் என்றேன். அடுத்த நாள் வெள்ளி. பழப்புளியை ஊறப்போட்டேன்.