பானெட்டின் மேல் எண்பது கிலோ

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, காற்றுக் கறுப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். தாராவியில் எங்கள் சந்தில் மாதத்துக்கு ஒருத்திக்குச் சாமி வரும், நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். என் தொழில் கியர் வெட்டுவது. பல்லோடு பல் பொருந்தினால் ஓடும், பொருந்தாவிட்டால் ஓடாது, இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றும் கிடையாது என்று நம்பியவன். இது நடந்ததோ பட்டப்பகல் பதினோரு மணிக்கு, பஸ் போய்க்கொண்டிருக்கிற ரோட்டில். ராத்திரி நடந்திருந்தாலாவது தூக்கக் கலக்கம் என்று தள்ளியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

அறுபதுகளில் குர்லாவில் எனக்குப் பட்டறை இருந்தது. எனக்கும் காசிமுக்கும் என்று சொல்ல வேண்டும். காசிம் மேலப்பாளையத்துக்காரன், வெல்டிங்கில் கெட்டிக்காரன், என் வயசு, ஒரே ரயிலில் பம்பாய் வந்து இறங்கியவர்கள் நாங்கள். ஆள் நல்ல கனம், எண்பது கிலோவுக்கு மேல் இருப்பான், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தரையைத் தொடும்.

மாட்டுங்காவிலிருந்து சுந்தரேசன் என்று ஒருவர் வந்தார். கம்பெனியில் எஞ்சினியர், கல்யாணமாகாதவர், சம்பளத்தை எல்லாம் ஒரு சின்ன இங்கிலீஷ் காரில் கொட்டிக்கொண்டிருந்தார். நம் டாக்சி, லாரி எல்லாம் பின் சக்கரம் தள்ளித்தான் ஓடும். இந்த வண்டியில் எஞ்சின் முன்னால் குறுக்கே படுத்திருக்கும், முன் சக்கரமே இழுத்துக்கொண்டு போகும். சமதரையில் பிய்த்துக்கொண்டு பறக்கும். ஏற்றம் வந்ததோ போச்சு, பாரம் முழுக்கப் பின்னால் சாய்ந்து, முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றும், ரப்பர் புகையும். இந்த வண்டியை வைத்துக்கொண்டு அவர் பூனா போகிற வழியில் ஒரு மலைப்பாதையில் ஏற்றப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். இதைவிடக் கிறுக்குத்தனம் உண்டா?

"சுடலை, செகண்ட் கியர்ல இழுவையே இல்ல. நீங்க ரேஷியோவ மட்டும் மாத்திக் குடுங்கோ, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

மாற்றிக் கொடுத்தேன். கடைசிப் பல்சக்கர ஜோடியில் சின்னதற்கு இரண்டு பல் குறைத்து, பெரியதற்கு இரண்டு பல் கூட்டி, பத்து நாள் உட்கார்ந்து வெட்டினேன். இழுவை வந்தது. இழுவை வந்ததும் சக்கரம் முன்பைவிட ஜாஸ்தியாகச் சுற்றியது, ஏனென்றால் பிடிப்பு இல்லாத சக்கரத்துக்கு இழுவையைக் கூட்டினால் அது வேறென்ன செய்யும்? சொன்னேன். மனுஷன் கணக்குப் போடுகிற ஸ்லைட் ரூலை எடுத்து இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, "கால்குலேஷன் பிரகாரம் வழுக்கப்படாதே" என்றார். வழுக்குகிற சக்கரத்திடம் போய்ச் சொல்லுங்கள் சார் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பின்னாலிருந்த பேட்டரியை முன்னால் கொண்டு வந்தோம். பின் சீட்டைக் கழற்றினோம். ஸ்டெப்னியை எடுத்தோம். டயரில் காற்றைக் குறைத்தோம். ஆண்டாப் ஹில் ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கிளப்பினால் அதே புகை. கடைசியில் காசிம் ஒரு சாக்கை மடித்துப் பானெட்டின் ஓரத்தில் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தான், வண்டி சமர்த்தாக ஏறியது. இறங்கினான், வழுக்கியது. ஏறினான், பிடித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். போட்டிக்கு இவனைப் பானெட்டில் கட்டி வைத்தா அனுப்ப முடியும்?

அந்த வாரம்தான் தப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறைக்குப் போகவில்லை. காசிம் மட்டும் போனான், போனவன் நல்லது செய்கிறேன் என்று இரும்புத் துண்டு நிரப்பிய இரண்டு சாக்கு மூட்டையை டிக்கியில் போட்டு மூடிவிட்டான். பானெட்டில் தான் ஏறியதும் பிடித்ததைப் பார்த்து, பாரம் இருந்தால் போதும், எங்கே இருந்தாலும் சரி என்று நினைத்திருக்கிறான். பத்து வருஷம் டாக்சிகளையே பார்த்த கை, வண்டி வழுக்கினால் பின்னால் பாரம் ஏற்ற வேண்டும், அதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். திங்கள் காலை சுந்தரேசன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். முன் பக்கம் லேசாகித் தூக்கிவிட்டது, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை, நேரே போய்ச் சாக்கடைச் சுவரில் இடித்தது. அவர் நெற்றியில் ஏழு தையல்.

நான் கத்தின கத்து பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"பின்னாடி பாரம் ஏத்துனா முன்பக்கம் தூக்கும்னு தெரியாதால ஒனக்கு? ஆளக் கொல்லப் பாத்திருக்க!"

"டாக்சிக்கு அப்படித்தானவே செய்வோம். நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான்.

"மூள இருக்க வேண்டிய எடத்துலயும் ஒனக்கு வெறும் கனந்தாம்ல. ஒங்கிட்ட எனக்கு ஒபயோகம் அது ஒண்ணுதான். அத இங்க வச்சிட்டு எங்கயாவது போயிரு."

இப்படியா பேசுவார்கள்? பேசினேன். பத்து வருஷக் கூட்டாளியிடம், பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசினேன். அவன் முகத்தைப் பார்த்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் என்னிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். போகட்டும், நாலு நாளில் வருவான் என்று எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டு வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. நெளிந்த மட்கார்டைத் தட்டி நேராக்கி, வண்டியை மறுபடி ஆண்டாப் ஹில்லுக்குக் கொண்டுபோனோம். தலையில் கட்டோடு சுந்தரேசன் உட்கார்ந்தார், நான் ரோட்டோரம் நின்றேன். டிக்கியை நானே திறந்து பார்த்திருந்தேன், உள்ளே ஒரு போல்ட்கூடக் கிடையாது. வழுக்கும், திட்டலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

வழுக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், புகை இல்லை, சத்தம் இல்லை, வண்டி பூமியைக் கவ்விக்கொண்டு ஏறியது. இறக்கி நிறுத்தி மறுபடி கிளப்பினார், மறுபடி ஏறியது. ஏழு தடவை. அவர் இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான்தான் சொன்னேனே, கால்குலேஷன் கரெக்ட்னு!"

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரணம் இல்லாமல் சரியானது காரணம் இல்லாமல் கெட்டுப்போகும், அது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் போகிற இடத்தில் இரண்டு விரல்தான் போனது, இரண்டு பக்கமும். ஒருத்தர் பானெட்டில் உட்கார்ந்தால் எப்படித் தாழுமோ அப்படி. பானெட்டைப் பார்த்தேன். ரோட்டுத் தூசி படிந்திருந்தது, அதில் கை பட்ட தடம்கூட இல்லை. முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், வழக்கமாக ஆடுகிற வண்டி அசையவில்லை.

ஸ்பிரிங் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், வேறென்ன நினைப்பேன்? பட்டறைக்குக் கொண்டுவந்து கழற்றினோம், ஸ்பிரிங் புதுசு போல இருந்தது. பிறகு பக்கத்து இரும்புக் கடை எடை மேடைக்குக் கொண்டுபோனேன். பேட்டரியை இடம் மாற்றியபோது அதே மேடையில் முன் சக்கரம் இரண்டையும் மட்டும் ஏற்றி எடை பார்த்திருந்தோம், முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ. இப்போது நானூற்று எழுபது. கடைக்காரரிடம் உன் மேடை கெட்டுப்போச்சு என்று சண்டைக்கே போனேன்.

"காண்டா பரோபர் ஹை, பாய்" என்றார் அவர், மேடை சரியாகத்தான் இருக்கிறது என்று. சுந்தரேசன் ஏறி நின்றார், ஐம்பத்தாறு காட்டியது, அதுதான் அவர் எடை. நான் ஏறினேன், அதுவும் சரி. வண்டியை மறுபடி ஏற்றினோம், நானூற்று எழுபது.

"எங்கேர்ந்து வந்தா என்ன, ஃப்ரண்ட்லதானே வந்திருக்கு? நல்லதாப் போச்சு" என்றார் சுந்தரேசன். எஞ்சினியராம்! எண்பது கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாதவருக்கு எதற்கு ஸ்லைட் ரூல் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

போட்டியில் அவர் இரண்டாவதாக வந்தார். அடுத்த வாரமே கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது, பூனாக்காரர் ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக டீ குடித்தேன். அப்படி நிம்மதியாக நான் குடித்த கடைசி டீ அதுதான்.

ஒரு மாதம் கழித்துக் காசிம் வந்தான். ஒன்றும் நடக்காதது போல, "என்னவே, நான் இல்லாம பட்டற ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே பனங்கற்கண்டுப் பொட்டலத்தை என் கையில் வைத்தான். அதே தொந்தி, அதே கழுத்து, இம்மி இளைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வழக்கமில்லாத வழக்கமாக மன்னிப்புக் கேட்டேன். "விடும்வே" என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினான்.

"இந்த அநியாயத்தப் பாரும். ஊருக்குப் போற வழியில எழும்பூர் ஸ்டேஷன்ல எட மெசின்ல ஏறி நின்னேன். பத்து பைசா போச்சு. எவ்வளவு போட்டிருக்கான் பாரும்!"

காசு போட்டால் எடையை அச்சடித்து அட்டை தள்ளுகிற மெஷின், பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நல்ல காலம் வருகிறது என்று ஜோசியம். மறுபக்கம் ஆறு கிலோ என்று இருந்தது. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வியாழக்கிழமை, ஊர் வண்டிக்குக் காத்திருந்தபோது, பகல் பதினொன்று இருக்கும் என்றான். சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். கயிறு அசையவில்லை.

எடை மேடைக்கு அவனை நான் கூட்டிப்போகவில்லை, போகவும் மாட்டேன். அந்த வண்டியைத் தேடிப் பூனாவுக்கு மூன்று தடவை போனேன், எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. வாங்கியவர் வேறு யாருக்கோ விற்றிருந்தார், அவர் வேறு யாருக்கோ. உடைத்து இரும்புக்குப் போட்டார்களா, இன்னும் எங்காவது ஏற்றத்தில் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறதா, தெரியாது.

காசிமுக்கு ஒரு குறையும் இல்லை. நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான், பட்டறையை விட்டபிறகும் தினம் என்னோடு நடக்க வருகிறான். அவனுக்கு இது தெரியுமா என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஜூன் மாதம் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பினால் மட்டும் நான் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். எனக்கு வயசாகிக் கால் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு அவன் மெதுவாக நடப்பான்.