சிவப்பு நூல் கட்டிய ரோமானியக் கழிப்பறை

ஹெப்சிபா டீச்சர் பதினேழு வருஷமாக ஆரணியில் எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறார். நான் கணக்கு வாத்தியார். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் அவர் பாடத்தில் பாதி எனக்கும் கேட்கும். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி. அதற்குப் பிறகு சாயந்திரம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. பெண்பிள்ளைகளும் அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

பழைய கழிப்பறையை இடித்துப் புதிதாகக் கட்டியாயிற்று. டைல்ஸ் ஒட்டி, குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது. ஆனால் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, பூட்டி, ஐந்து மாதம் ஆகிறது. திறந்துவைக்கப் பெரிய மனிதர் ஒருவர் தேதி தரவேண்டுமாம். பையன்களுக்கு மதில் இருக்கிறது. ஒண்ணுக்குப் போக முகூர்த்தம் பார்க்கும் பள்ளிக்கூடம் வேறெங்கும் இருக்காது.

ஒன்பதாம் வகுப்பு மதிவதனி சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வருவாள். தண்ணீரே குடிக்காமல் இருந்து இரண்டு முறை நீர்க்கடுப்பு, ஒருமுறை காய்ச்சலோடு ஆஸ்பத்திரி. அவள் அம்மா கெங்கம்மாள் வந்தார்.

"படிப்பு வேணாம்னு சொல்லல டீச்சர். இந்த மாசத்துக்குள்ள அந்த கக்கூச தொறக்கலைன்னா இவள வூட்டோட வெச்சிக்குவேன். புள்ள உடம்பு கெட்டுகினே போவுது."

டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தார். மனு எழுதினார். மேலிடத்துக்குப் போன் போட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: தேதி வரட்டும்.

அந்த வாரம் பாடம், பழைய ரோமானிய நகரத்தில் ஒருநாள் வாழ்க்கை. ரொட்டிக்கடை, குளியல்கூடம், தெருவோரத் தண்ணீர்த் தொட்டி. பொதுக் கழிப்பறையில் கல்பலகைமேல் வரிசையாக உட்காருவார்கள், அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் என்றதும் வகுப்பே சிரித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அந்த நகரத்தை ஆளுக்கொரு பகுதியாக அட்டையில் செய்துவரச் சொன்னார்.

மதிவதனி கழிப்பறையைச் செய்திருந்தாள். கல்பலகை, ஓட்டைகள், அடியில் நீல ஜிகினாத்தாளில் தண்ணீர், எல்லாம் சரி. ஆனால் முன்னால் ஒரு கதவு, அதில் பூட்டு, குறுக்கே சிவப்புப் பட்டுநூல்.

"பூட்டு எதுக்கும்மா? அது எப்பவும் திறந்துதானே இருக்கும்?"

"பூட்டலைன்னா எல்லாரும் போயிடுவாங்களே டீச்சர்."

கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மாதம் முடிந்தது, தேதி வரவில்லை. கெங்கம்மாள் மகளோடு வந்து டி.சி. வாங்கிக்கொண்டார். "என் அட்டைய தூக்கிப் போட்டுடாதீங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மதிவதனி போனாள்.

"சுத்தியல் எடுத்துகினு வரேன், பூட்ட உடைச்சிடலாம்" என்றேன்.

"உடைச்சா வேலை போயிடும் சார். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

எனக்கும் இருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து, அட்டைக் கழிப்பறையின் நூலை வெட்டினார். பூட்டைப் பிய்த்தார். கதவை அகலத் திறந்து, அலமாரியில் வைத்தார். எங்கள் பள்ளியில் திறந்திருக்கும் கழிப்பறை அது ஒன்றுதான்.