பாஸில் இருந்தவனும் கப்பலடியில் இருந்தவனும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் ஒப்பந்தக் கடல்கட்டி. கப்பலின் அடியைச் சுத்தம் செய்ய டைவர்கள் இறங்கும்போது, சுறா அவர்களைத் தொடாதபடி மந்திரத்தால் கட்டிவைப்பது என் வேலை. முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டதே, இன்னும் எதற்குக் கடல்கட்டி என்று கேட்பவர்கள் உண்டு. முத்துக்குளிப்பு நின்ற செய்தி சுறாவுக்குத் தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. நான் கொண்டுவந்த படிவம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்கு ஒரு தாள் வந்தால் அதை வாசிக்க ஆள் தேடித் தெருத்தெருவாகப் போவார்கள். தாளில் எழுதியிருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்கு அப்படி வந்தது.

வேலை இடம், கப்பல் வந்து நிற்கும் பெர்த்தின் ஓரத்தில் போட்டிருக்கும் பழைய கன்டெய்னர். ஏசி உண்டு, ஓடாது. நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் அன்றன்று காலையில் அந்த பெர்த்திலிருந்தே மொண்ட கடல்நீர். அதன் அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள். டைவர் பெயரையும் அவனைப் பெற்றவள் பெயரையும் சொல்லிக் கட்டுப் போட வேண்டும். அப்பா பெயர் செல்லாது. கட்டு நின்றால் மீன்கள் அசையாமல் கிடக்கும். டைவர் மேலே வரும்வரை வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை.

எனக்கு முன்னால் இருந்தவர்கள், டைவர் இறங்குகிற படியில் போய் நின்று, அவன் வாயாலேயே தாய் பெயரைச் சொல்லக் கேட்டுவிட்டு வருவார்களாம். வெயிலில் அரை மணி நேரம் வீண் என்று எனக்குப் பட்டது. ஒரு படிவம் தயார் செய்தேன். பெயர், தாய் பெயர், துறைமுக பாஸ் எண், கையெழுத்து. டைவர்களை அனுப்பும் காண்டிராக்டர் முந்தின நாளே நிரப்பித் தந்துவிடுவார். ஆடிட்டுக்கு வந்தவர்கள் படிவத்தைப் பாராட்டினார்கள். அந்தப் படிவத்தில் ஒரு நகலை அப்பாவிடம் காட்டினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, கசங்காமல் வைக்கச் சொன்னார்.

2. மீன் புரண்ட காலை

அன்று ஒரு நிலக்கரிக் கப்பல். டைவர் அந்தோணி, தாய் பெயர் செபமாலை. படிவத்தில் அப்படித்தான் இருந்தது. காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ரொசாரி அண்ணன், ஆள் இறங்கிவிட்டதாக வாக்கிடாக்கியில் சொன்னார். நான் கட்டுப் போட்டேன்.

இருபது நிமிடத்தில் ஒரு மீன் புரண்டது. பயிற்சியில் இதைப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. சுறா வந்துவிட்டது, கீழே இருப்பவனுக்குக் கட்டு இல்லை என்று அர்த்தம். இரண்டாவது மீன் தலையைத் திருப்பி முதல் மீனின் வாலைக் கவ்வியது.

இடது கையால் வாக்கிடாக்கியை எடுத்து, கீழே இருப்பது யார் என்று கேட்டேன். பாஸில் இருக்கிற ஆள்தான் என்றார் ரொசாரி அண்ணன். அந்தச் சேனலில் கிரேன்காரர்கள், கப்பல் ஆட்கள், சேஃப்டி மேடம் எல்லாரும் இருந்தார்கள். வேறு பதில் அவரால் சொல்ல முடியாது.

"அண்ணே, நான் செபமாலை மகனுக்குக் கட்டியிருக்கேன். கீழ இருக்கது அவன் இல்ல. மீன் கடிச்சிட்டு. ஆள மேல ஏத்துங்க."

 எல்லாரும் கேட்கும்படியே அவர் சொன்னார்: "தம்பி, அவன் கப்பலுக்கு நடு அடியில, கீல்கிட்ட நிக்கான். வெளிய வர பத்து நிமிசம் ஆவும். அந்தோணிக்குக் காய்ச்சல். இவன் அவன் மச்சினன் சிலுவை."

"சிலுவையோட அம்மா பேரு?"

"அது எனக்கு எங்கன தெரியும்?"

தண்ணீருக்குள் இருப்பவனோடு பேசும் டைவர் போனில் கேட்கச் சொன்னேன். அவர் வாக்கிடாக்கியைப் போன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏலே, ஒங்க அம்மா பேரு என்னலே?"

கீழேயிருந்து மூச்சு இரைக்க ஒரு குரல் வந்தது. "செபமாலை."

அந்தோணியின் பாஸைக் காட்டி உள்ளே வரும்போது கேட்டில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் மாலை முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரொசாரி அண்ணன் மறுபடி கேட்டார், திட்டியும் கேட்டார். செபமாலை என்றே சொன்னான். யாரோ அதிகாரி பக்கத்தில் நிற்கிறார், ரொசாரி அண்ணன் மாட்டிக்கொண்டு நடிக்கிறார் என்று நினைத்தானாம். தாம்பாளத்தில் மீனின் வால் பாதி போய்விட்டது.

நானே பேசினேன். "தம்பி, நான் கடல்கட்டி பேசுதேன். நீ இப்ப கேட்டுல நிக்கல, தண்ணிக்குள்ள நிக்க. ஒன்னயப் பெத்தவ பேரச் சொல்லு."

இரைச்சல் மட்டும் வந்தது. அப்போதுதான் அவன் தன் காலைப் பார்த்திருக்கிறான்.

"அமலோற்பவம்," என்றான். யாரும் கேட்காமலே திரும்பவும் சொன்னான். "அமலோற்பவம்."

கட்டைப் போட்டேன். கவ்விய மீன் வாயை விட்டது. இரண்டும் அடியில் போய்க் கிடந்தன. கால் மணி நேரம் கழித்து ஆள் மேலே வந்துவிட்டதாகத் தகவல் வந்த பிறகே கையை எடுத்தேன். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

சிலுவைக்கு ஒரு கீறல் இல்லை. வலது காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பில் பாதியைக் காணோம். படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும், "ஏண்ணே, எங்க அம்மா பேர ஊருக்கே கேக்க வச்சிட்டியளே," என்றான்.

3. ரிப்போர்ட்

சேஃப்டி மேடம் என்னைக் கூப்பிட்டு, காண்டிராக்டர் ஆள் மாற்றியதை எழுதினால் போதும், உங்கள் மேல் ஒன்றும் வராது என்றார். அதை எழுதினேன். அதன் கீழே, நான் டைவர் முகத்தைப் பார்க்காமல் கட்டினேன், ஆறு மாதமாக அப்படித்தான் கட்டிவருகிறேன் என்றும் எழுதினேன். மேடம் அதை இரண்டு தரம் வாசித்தார். இது தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. வீட்டில் அதை வாசித்துக் காட்டினேன். அப்பா அதையும் கசங்காமல் வைக்கச் சொன்னார்.

படிவத்தை நிறுத்தலாமா என்றும் எழுதிக் கேட்டேன். ஆடிட்டில் பாராட்டியதை நிறுத்த முடியாது என்று பதில் வந்தது. ஆகவே அது வருகிறது, ஃபைலில் போடுகிறேன். அதைப் பார்த்து மட்டும் அதன் பிறகு ஒரு கட்டும் போட்டதில்லை.

நாலு மாதம் கழித்து சிலுவை சொந்தப் பெயரில் பாஸ் எடுத்து வந்தான். படியில் தண்ணீர் அவன் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா பேரு என்ன என்று கேட்டேன்.

"கிரேன்ல இருக்கவன்கூட என்னய அமலோற்பவம் மகனேன்னுதான் கூப்பிடுதான். ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும். நீ சொல்லு."

சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். அதன் பிறகுதான் அவனை இறங்கவிட்டேன்.